வைக்கோல் வீரனும் வெள்ளி ஊசியும்

"சூரியன் இன்னும் மறையவில்லை, பிரபுவே! மறையும் வரை இந்தக் கோட்டையில் என்..."

"மறைந்தால் என்ன, மறையாவிட்டால் என்ன? பாடையைக் கீழே இறக்கு என்கிறேன்!"

"...என் சொல்தான் சட்டம்! இறக்காதீர்கள், அக்கா! ஒருவரும் இறக்காதீர்கள்!"

"பெண்ணே, குறுக்கே பேசாதே!"

"இன்றைக்குக் குறுக்கே பேசுவது நானல்ல, பிரபுவே. தாங்கள்தான்!"

இப்படி ஒருவர் பேச்சின்மேல் ஒருவர் ஏறிப் பேசிக்கொண்டிருந்த இடம், ஸ்பெயின் தேசத்துப் பழம்பெரும் நகரமான செகோவியாவின் கோட்டை வாயில். இரண்டு ஆறுகள் கூடுகிற பாறை முனையில், பாய் சுருட்டிய பெரிய கப்பலொன்று மலைமேல் ஏறி நின்றுவிட்டதுபோல நிற்கும் அந்தக் கோட்டையின் கூம்புக் கோபுரங்கள்மேல் மாசி மாதத்துக் குளிர்ந்த மாலை வெயில் செம்பொன்னை உருக்கி ஊற்றியிருந்தது. கீழே பள்ளத்தாக்கில் எரெஸ்மா நதி, கரையோரத்து இலையுதிர்ந்த மரங்களின் நிழலை இழுத்துக்கொண்டு கருநீலமாக ஓடிக்கொண்டிருந்தது. தெற்கே, பனி மூடிய மலைத்தொடர் ஒரு பெண் மல்லாந்து படுத்திருப்பதுபோல் நீண்டு கிடந்தது. நெற்றி, மார்பு, கட்டிய கைகள் எல்லாம் தெளிவாகத் தெரியும். அவ்வூரார் அதை 'இறந்த பெண்' என்றே அழைப்பார்கள். அந்த மலைப்பெண்ணின் நெற்றியை விட்டு வெளிச்சம் இறங்கினால்தான் அன்றைய பகல் முடிந்ததாகக் கணக்கு.

அன்றைய பகல் முடிவதற்குள் ஓர் உயிர் அந்த வாயிலைத் தாண்டியாக வேண்டியிருந்தது. அதற்காகத்தான் கோட்டை அதிபதி தோன் சுவேரோவின் முன்னால், வெள்ளிப் பூண் போட்ட அதிகாரக் கோலைப் பிடித்துக்கொண்டு, சாயப்பட்டறைக்காரரின் மகள் மென்சியா நின்றுகொண்டிருந்தாள்.

சாயக்காரர் மகளின் கையில் அதிகாரக் கோல் எப்படி வந்தது என்று வாசகர்கள் வியப்பது நியாயமே. அது அந்த ஊர் வழக்கம். முன்னொரு காலத்தில் இந்தக் கோட்டை எதிரிப் படையின் வசம் இருந்ததாம். ஆற்றங்கரைப் பெண்கள் பட்டும் மணியும் பூண்டு, கீழே புல்வெளியில் ஆடிப் பாட, காவல் வீரர்கள் வேடிக்கை பார்க்க இறங்கி வர, ஊர் ஆண்கள் பின்வழியே ஏறிக் கோட்டையைப் பிடித்துக்கொண்டார்களாம். அந்த ஆட்டத்துக்குப் பரிசாக, புனித ஆகத்தாவின் திருநாளன்று கோல் பெண்கள் கைக்கு வரும். விடியல் முதல் வெளிச்சம் இறங்கும் வரை அவர்கள் வைத்ததே சட்டம். ஏமாந்துபோன அந்தக் காவல் வீரனின் உருவத்தைக் கோட்டைச் சிப்பாயின் பழைய உடுப்பில் வைக்கோல் அடைத்துச் செய்து, பாடையில் ஏற்றி, ஒப்பாரி பாடிக் கீழே கொண்டுபோய், ஆற்றங்கரையில் கொளுத்துவார்கள். கொளுத்தும்போது அதைச் சுற்றி வளையமாக ஆடுவார்கள். அழைப்பின்றி அந்த வளையத்துக்குள் கால் வைத்த ஆண்மகனின் கதி என்னவென்று செகோவியாவில் பிறந்த ஒவ்வொருவனுக்கும் தெரியும். அதனால்தான் பெண்களின் கொண்டையில் பளபளத்த சாண் நீள வெள்ளி ஊசிகளைக் கண்டு, வாயிற் சிப்பாய்கள் அன்று முழுவதும் எட்டியே நின்றார்கள்.

தோன் சுவேரோவுக்கு இதெல்லாம் புதிது. அவர் தென்னாட்டிலிருந்து வந்தவர். கம்பளி நெசவாளர்கள் வரிக்கொடுமை தாளாமல் செய்த கலகத்தை அடக்குவதற்கென்றே அனுப்பப்பட்டவர். கலகத் தலைவன் பெல்த்ரான் அவருடைய உயர்ந்த கோபுரத்தின் உச்சியறையில் கிடந்தான். நாளை விடியற்காலையில் சதுக்கத்தில் அவன் தலை விழும் என்று முரசறைந்தாகிவிட்டது.

அவன் மென்சியாவுக்கு நிச்சயிக்கப்பட்டவன்.

அதோடு, பாடையின்மேல் படுத்திருந்த வைக்கோல் வீரனுக்குள் இருந்தவனும் அவனே!

"தூக்குகிறவர்களின் தோளைப் பார்த்தேன்," என்றார் தோன் சுவேரோ, குரலைத் தாழ்த்தி. அவர் தாழ்த்திப் பேசும்போதுதான் எல்லோருக்கும் அதிகமாகப் பயமாக இருந்தது. "நான்கு பெண்கள். நான்கு பேருக்கும் முதுகு வளைகிறது. வைக்கோலுக்கு இவ்வளவு கனமா?"

மென்சியாவுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஆனால் பாடையின் முன்கொம்பைத் தோளில் சுமந்திருந்த விதவை தோதாவுக்கு நாக்கு ஒருநாளும் ஒட்டிக்கொண்டதில்லை.

"ஆண்பிள்ளை என்றால் கனம்தானே, பிரபுவே!" என்றாள் அவள். "உள்ளே வைக்கோலைத் தவிர வேறொன்றும் இல்லாவிட்டாலும் கனம்தான். நான் இரண்டு பேரைக் கட்டிக்கொண்டு சுமந்தவள். கேட்டால் சொல்லுவேன்."

சிப்பாய்கள் சிரித்துவிட்டார்கள். தோன் சுவேரோ சிரிக்கவில்லை. வாளை உறையிலிருந்து பாதி உருவினார். "அப்படியானால் வைக்கோலுக்கு வலிக்காது."

"நில்லுங்கள்!" மென்சியா கோலைக் குறுக்கே நீட்டினாள். "இன்றைக்கு ஆண் கை அந்த உருவத்தைத் தீண்டக்கூடாது. நகர வாயிலில் நுழைந்த அன்று, சிலுவையைத் தொட்டு, 'இந்நகரத்து வழக்கங்களைக் காப்பேன்' என்று சத்தியம் செய்தவர் தாங்கள். நான் கூட்டத்தில் நின்று கேட்டேன்."

தோன் சுவேரோ கொடியவர்தான். ஆனால் சொன்ன சொல்லை மீறியவர் என்று அவருடைய பகைவரும் சொன்னதில்லை. வாளை மெல்ல உறைக்குள் திருப்பினார். அவர் பார்வை மென்சியாவின் கொண்டைக்கு ஏறி, அங்கே செருகியிருந்த ஊசியில் நின்றது.

"ஆண் கை தீண்டக்கூடாது. சரி. பெண் கை தீண்டலாம் அல்லவா? குத்து, பெண்ணே. நீயே குத்து."

"பிரபுவே..."

"தோளில் அல்ல. தொடையில் அல்ல. மார்பில். ஊசியின் குமிழ் துணியைத் தொடவேண்டும். வெறும் வைக்கோல்தானே? ஏன் அந்தக் கை இன்னும் ஊசியைத் தொடவில்லை?"

அவள் கையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். பிறந்தது முதல் சாயத்தொட்டிகளின் நடுவே வளர்ந்தவளாதலால், விரல்நுனி முதல் மணிக்கட்டு வரை அவள் கைகள் நீலமாகவே இருக்கும். எத்தனை கழுவினாலும் போகாது. 'இருட்டிலும் உன் கையை நான் கண்டுபிடித்துவிடுவேன்' என்று பெல்த்ரான் கேலி செய்வான். அந்த நீலக் கை இப்போது கொண்டையிலிருந்து ஊசியை உருவிற்று. பாடையின்மேல் குனிந்தாள். சாக்குத் துணியில் கரியால் கண்ணும் மீசையும் வரைந்த அந்தப் பொய்முகத்துக்கு அடியில், எங்கோ ஒரு விரற்கடை ஆழத்தில், அவளுக்குத் தெரிந்த முகம் ஒன்று மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது.

'நேராகக் குத்தாதே,' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். 'சாய்த்துக் குத்து. அக்குளை நோக்கிச் சாய்த்துக் குத்து. தேவமாதாவே, எந்தப் பக்கம் சாய்ந்து படுத்திருக்கிறான் என்று எனக்கு எப்படித் தெரியும்?'

குத்தினாள்.

முதலில் உடுப்பு. அப்புறம் வைக்கோலின் கரகரப்பு. அப்புறம் கம்பளி. அதற்கப்புறம் ஊசிமுனைக்கு எதிர்ப்பட்டது வைக்கோலுமல்ல, கம்பளியுமல்ல. அவள் நிறுத்தவில்லை. நிறுத்தினால் தெரிந்துவிடும். குமிழ் துணியைத் தொட்டது.

வைக்கோல் வீரன் அசையவில்லை. முனகவில்லை.

தோதா திடீரென்று, "ஐயோ என் ராசாவே! போகும்போது இந்த ஊசிக்குத்தும் உனக்கு எழுதியிருந்ததா!" என்று ஒப்பாரியை உச்சத்தில் எடுத்துவிட்டாள். மற்றப் பெண்களும் சேர்ந்து அலறினார்கள். அந்த அலறலுக்குள் மென்சியா ஊசியை வெளியே இழுத்தாள். அவன் உடலில் சுற்றியிருந்த, செகோவியாவின் தறிகள் நெய்த மும்மடிப்புக் கம்பளி, வரும் வழியிலேயே அந்த ஊசியைத் துடைத்து அனுப்பியிருந்தது. வெயிலில் அது வெள்ளையாகவே மின்னிற்று.

தோன் சுவேரோ ஊசியைப் பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். ஊசி சொன்னதை அந்த முகம் சொல்லவில்லை.

"முகம் வெளுத்திருக்கிறதே?"

"ஒரு சிப்பாயின் சட்டையைக் குத்தினாலும் எனக்கு மனம் பதறுகிறது, பிரபுவே. குத்திப் பழகியவர்கள் தாங்கள்."

அவர் உதட்டோரம் லேசாக நெளிந்தது. "நூனியோ!" என்று சிப்பாய் ஒருவனைக் கூப்பிட்டார். "கோபுர உச்சிக்கு ஏறு. கைதியின் போர்வையை விலக்கி முகத்தைப் பார். பார்த்துவிட்டு நேரே கீழே ஆற்றங்கரைக்கு வந்து என்னிடம் சொல். என் குதிரையைக் கொண்டு வாருங்கள். இவர்கள் இந்த வைக்கோலை எரிப்பதை நான் கண்ணால் பார்க்கவேண்டும். சாம்பல் ஆகும் வரை!"

பாடை நகர்ந்தது. பாறைச் சரிவில் செதுக்கிய வழியில், மத்தளமும் குழலும் முழங்க, நூறு பெண்கள் அழுவதுபோல் சிரித்துக்கொண்டும் சிரிப்பதுபோல் அழுதுகொண்டும் இறங்கினார்கள். பாடையின் பக்கத்தில் மென்சியா நடந்தாள். ஒப்பாரி வைக்கிறவள்போலச் சாக்குமுகத்தின்மேல் குனிந்தாள்.

"பெல்த்ரான்! எங்கே பட்டது?"

வைக்கோலுக்குள்ளிருந்து காற்றுப்போல ஒரு குரல் வந்தது. "விலாவில்."

"ஆழமா?"

"நீ குத்தியது. அதனால் வலிக்கவில்லை."

"பொய்."

"பொய்தான். மென்சியா, நீந்துவேன் என்றேன் அல்லவா? முடியாது. கை தூக்க வரவில்லை."

அவர்கள் போட்ட திட்டம் முழுவதும் அந்த ஆற்றில்தான் இருந்தது. சிறைச்சாவி வைத்திருந்த தோதாவின் கொழுந்தன், வைக்கோல் திணிக்கும் வேளையில் அவனைக் கீழே கொண்டுவந்து விட்டுவிட்டு, சாவியோடு மலைப்பக்கம் ஓடிவிட்டான். கதவை உடைத்துத்தான் நூனியோ உள்ளே போகவேண்டும். அதற்குள் ஆட்ட வளையத்தின் பாவாடைகளுக்கு நடுவே அவன் ஊர்ந்து ஆற்றில் இறங்கி, நீருக்குள்ளேயே அக்கரை சேரவேண்டும். இப்போது ஆறும் அடைபட்டுவிட்டது. மிஞ்சியது பாலம் ஒன்றுதான். பாலத்தில் ஈட்டிக்காரர்கள் நின்றார்கள்.

"தோதா அக்கா, அவனால் நீந்த முடியாதாம்."

தோதா ஒப்பாரியை நிறுத்தாமலே, ராகத்தோடே பதில் பாடினாள்: "அப்படியானால் என்னடி செய்வோம், என் கண்ணே? எரிக்கவா முடியும்?"

அதுதான் கேள்வி. புல்வெளியில் விறகு அடுக்கியிருந்தது. பாடையை அதன்மேல் வைத்தார்கள். பெண்கள் சுற்றி நெருக்கமாக வளையம் கட்டினார்கள். வெளியே, மரத்தில் குதிரையைக் கட்டிவிட்டு, கறுப்பு மேலங்கியும் செந்நிற இறகு செருகிய அகன்ற தொப்பியுமாகத் தோன் சுவேரோ நின்றார். சிப்பாய்கள் ஊசிகளுக்கு எட்டாத தூரத்தில், தங்கள் வழக்கப்படி, தள்ளியே நின்றார்கள். மலைப்பெண்ணின் மார்பு இருண்டுவிட்டது. கழுத்தும் இருண்டுகொண்டிருந்தது. நெற்றியில் மட்டும் ஒரு கீற்று.

"கொளுத்து!" என்றார் அவர் வெளியிலிருந்து.

மென்சியா தீவட்டியை வாங்கினாள். ஈர வைக்கோலின் ஓரத்தில், விறகின் வெளிப்பக்கமாக வைத்தாள். நெருப்பைவிடப் புகைதான் அதிகம் வந்தது. அந்தப் புகைக்குள் தோதா முட்டிபோட்டு, உடுப்பின் முதுகுத் தையலைக் கத்தரிக்க ஆரம்பித்தாள். பெல்த்ரானின் கை ஒன்று வெளியே வந்தது. மென்சியா அதைப் பற்றினாள். சூடாகவும் ஈரமாகவும் இருந்தது.

"ஏன் வளையம் இவ்வளவு நெருக்கமாக இருக்கிறது? கொஞ்சம் விலகுங்கள்!"

"ஆட்டம், பிரபுவே! ஆட்டம் இப்படித்தான்!" என்று யாரோ ஒருத்தி கத்தினாள்.

"ஆடக் காணோமே! நிற்கிறீர்களே! விலகு என்றேன்!"

அந்தக் குரலில் ஏறிய கோபத்தைக் கேட்டதும் மென்சியாவின் மனத்தில் ஏதோ ஒன்று சட்டென்று நின்றது. அவருக்குத் தெரியாது! செகோவியாவில் பிறந்த ஒவ்வொருவனுக்கும் தெரிந்தது, தெற்கிலிருந்து வந்த இந்த மனிதருக்குத் தெரியாது! அவள் வளையத்தைப் பிளந்துகொண்டு முன்னே வந்தாள். நடுங்கும் குரலை மறைக்கப் பார்க்கவில்லை. நடுங்கட்டும், இன்னும் நடுங்கட்டும் என்று விட்டாள்.

"பிரபுவே, உள்ளே வராதீர்கள்."

"ஏன்?"

"வரக்கூடாது. கோல் பிடித்தவள் சொல்லுகிறேன். தங்களுக்கு அழைப்பு இல்லை. கெஞ்சிக் கேட்கிறேன், வராதீர்கள்!"

"கெஞ்சுகிறாயா!" என்றார் தோன் சுவேரோ. அவர் கண் பளிச்சிட்டது. "காலையிலிருந்து கட்டளையிட்டவள் இப்போது கெஞ்சுகிறாயா? வழி விடு!"

அவளைத் தள்ளிக்கொண்டு ஒரே எட்டில் வளையத்துக்குள் வந்தார்.

நூறு வெள்ளி ஊசிகள் ஒன்றாக உருவப்படும் சத்தத்தை நேயர்கள் கேட்டதுண்டோ? மழைக்கு முன்னால் கொன்றைமரத்து நெற்றுகள் குலுங்குமே, அப்படி இருக்கும். அவர் திரும்புவதற்குள் முன்றானையளவு அகலமான கறுப்புத் துணி ஒன்று தலைமேல் வந்து விழுந்தது. கழுத்திலும் முதுகிலும் தொடையிலும் ஊசிமுனைகள், குத்தாமல், குத்துவோம் என்று சொல்லிக்கொண்டு நின்றன.

"என்ன துணிச்சல்! சிப்பாய்களே..."

"வாளிலிருந்து கையை எடுங்கள், பிரபுவே," என்றாள் தோதா, அவர் காதருகே, பச்சைக் குழந்தையிடம் பேசுவதுபோல. "அழைக்காமல் வளையத்துக்குள் வந்த ஆண்பிள்ளை, மேலங்கியையும் தொப்பியையும் பெண்களுக்குக் கொடுத்துவிட்டு, வைக்கோல் வீரன் வேகும் வரை முகத்தை மூடிக்கொண்டு உட்காரவேண்டும். இதுவும் இந்நகரத்து வழக்கம். என் முதல் புருஷன் உட்கார்ந்தான். பாதிரியார் ஒருவர்கூட உட்கார்ந்தார். சிலுவையைத் தொட்டது ஞாபகம் இருக்கிறதா?"

துணிக்குள்ளிருந்து நீண்ட மூச்சு ஒன்று வந்தது.

"சத்தியத்துக்குக் கட்டுப்படுகிறேன்," என்றது குரல். "ஆனால் பெண்களே, வெளிச்சம் போனதும் இந்தத் துணியை நானே எடுப்பேன். அதை நினைவில் வைத்துக்கொண்டு ஆடுங்கள்."

"அடியுங்கள் மத்தளத்தை!" என்று கத்தினாள் மென்சியா.

முழக்கம் பள்ளத்தாக்கை நிறைத்தது. புகைக்குள் பெல்த்ரான் எழுந்து நின்றான். தாடி வளர்ந்து, கன்னம் ஒட்டி, வைக்கோல் தும்பு ஒட்டிய தலையோடு நின்ற அவனைப் பார்க்க அவளுக்கு நேரமில்லை. தோன் சுவேரோவிடமிருந்து கழற்றி வாங்கிய கறுப்பு மேலங்கியை அவன் தோளில் போட்டாள். தொப்பியைப் புருவம் வரை இறக்கினாள். அவன் சட்டையின் இடப்பக்கம் இடுப்பு வரை இரத்தத்தில் நனைந்திருந்தது.

"குதிரை மரத்தடியில். பாலத்தில் யாரிடமும் பேசாதே."

"நீயும் வா."

"வர முடியாது. கோலை என் கையால் திருப்பிக் கொடுக்கவேண்டும். கொடுக்காமல் ஓடினால் இந்த உரிமை இன்றோடு போச்சு. இனி ஒரு பெண்ணும் இதைப் பிடிக்கமாட்டாள்."

"உரிமை பெரிதா, நான் பெரிதா?"

"உன்னைக் கோபுரத்திலிருந்து இறக்கியது எது? நானா? இந்தக் கோல்தானே! போ, பெல்த்ரான். கால் தாங்குகிறதா?"

"தாங்கும்."

"பொய் சொல்லாதே."

"இந்தத் தடவை நீ கேட்காமல் இரு," என்றான் அவன். அவளுடைய நீல விரல்களை எடுத்து ஒரு கணம் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அப்புறம் வளையம் பிளந்தது.

"ஓடுங்கள், பிரபுவே, ஓடுங்கள்! குத்தினது போதுமா!" என்று பெண்கள் ஊளையிட்டார்கள். தள்ளி நின்ற சிப்பாய்கள், தங்கள் அதிபதி தலை குனிந்து, விலாவைப் பிடித்துக்கொண்டு, நொண்டி நொண்டிக் குதிரையை நோக்கிப் போவதைக் கண்டார்கள். கண்டதும், எசமானின் மானக்கேட்டைப் பார்த்த குற்றம் தங்கள்மேல் வராமலிருக்க, ஒருவர் தவறாமல் வேறு பக்கம் திரும்பி ஆற்றைப் பார்க்கத் தொடங்கினார்கள். குதிரைக் குளம்பொலி பாலத்துக் கல்லில் கேட்டது. ஈட்டிகள் வணக்கத்துக்கு உயரும் ஒலி கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

வெறும் உடுப்பும் வைக்கோலும் குப்பென்று பற்றி எரிந்தன. மலைப்பெண்ணின் நெற்றியிலிருந்து கடைசிக் கீற்று இறங்கிற்று.

மத்தளம் நின்றது. தோன் சுவேரோ துணியை எடுத்துவிட்டு எழுந்தார். மென்சியா அவர் எதிரில் போய் மண்டியிட்டு, இரண்டு கையாலும் கோலை நீட்டினாள்.

"வெளிச்சம் போய்விட்டது, பிரபுவே. வாங்கியபடி திருப்பிக் கொடுத்தேன். எல்லோரும் பார்த்தார்கள்."

"பார்த்தோம்!" என்றார்கள் நூறு பெண்களும்.

அவர் கோலை வாங்கப்போகும் சமயத்தில், நூனியோ மூச்சிரைக்க ஓடிவந்தான். அவரைக் கண்டவன் பேயைக் கண்டவன்போல நின்றுவிட்டான்.

"பிரபுவே! தாங்கள்... தாங்கள் இங்கேயா இருக்கிறீர்கள்?"

"வேறெங்கே இருப்பேன்? கைதி எங்கே?"

"அறையில் இல்லை, பிரபுவே! போர்வைக்கடியில் வெறும் வைக்கோல்! அதைத்தான் பாலத்து முனையில் தங்களிடம் சொன்னேனே... குதிரைமேல்... தாங்கள் தலையை ஆட்டிவிட்டு, அக்கரைக்குப் போய்விட்டீர்களே!"

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அந்தச் சிரிப்பும் பாதியில் நின்றது. சிப்பாய்கள் பாலத்தை நோக்கி ஓடினார்கள். தோன் சுவேரோ ஓடவில்லை. எரியும் உடுப்பையும், தலையில் இல்லாத தொப்பியையும், வெறுமையான மரத்தடியையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு மெல்லக் குனிந்து, இன்னும் கோலை நீட்டியபடியே மண்டியிட்டிருந்தவளின் கையைப் பிடித்து, நெருப்பின் வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

நீல விரல்களுக்கு நடுவே, மணிக்கட்டு வரை, புதிதாகச் சிவந்திருந்தது.

அவர் பேசியபோது அந்தக் குரலில் கோபம் இல்லை. அதுதான் மென்சியாவால் தாங்க முடியாததாக இருந்தது.

"நான் போர்க்களத்தில் எத்தனையோ புண்களைப் பார்த்தவன், பெண்ணே. குமிழ் வரை இறக்கினாயே அந்த ஊசியை... அக்கரை மலையைத் தாண்டும் வரை அவன் குதிரைமேல் உட்கார்ந்திருப்பான் என்று நினைக்கிறாயா?"